நிவாரண மையத்தின் சாவி யாரிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் உள்ளாட்சி அமைப்புகள் ஆலோசனைக் கூட்டம் நடத்துவதும், முன்னேற்பாடுகள் அனைத்தும் தயார் என்று செய்தி வெளியிடுவதும் வாடிக்கையாகிவிட்டது. எங்கள் நகராட்சியும் அதற்கு விலக்கல்ல. ரப்பர் படகு, மணல் மூட்டை, நீர் இறைக்கும் மோட்டார், மரம் அறுக்கும் இயந்திரம் என்று பட்டியல் நீளமாகவே இருக்கிறது. அதில் குறை காண நான் விரும்பவில்லை. ஆனால், மின்சாரம் நின்று, செல்பேசிக் கோபுரமும் செயலிழந்த நள்ளிரவில் இவற்றை யார் எடுத்துவருவார், யார் இயக்குவார் என்பதை ஒருமுறையேனும் ஒத்திகை பார்த்ததாகத் தெரியவில்லை.

நிவாரண மையங்களாக அறிவிக்கப்பட்டிருக்கும் பள்ளிக் கட்டடங்களையே எடுத்துக்கொள்வோம். இரவில் அவை பூட்டிக் கிடக்கின்றன. சாவி வைத்திருப்பவர் ஒரே ஒருவர். அவர் வீட்டுக்குள்ளேயே வெள்ளம் புகுந்துவிட்டால் மாற்று ஏற்பாடு என்ன? போதாக்குறைக்கு, தண்ணீர் முதலில் தேங்கும் தாழ்வான சாலையைக் கடந்துதான் அங்கு சென்றாக வேண்டும். வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் உயரம் இருந்தாலே வளர்ந்தவரையும் நிலைதடுமாறி விழச் செய்யும். 60 சென்டிமீட்டர் இருந்தால் பெரும்பாலான கார்களை இழுத்துச் சென்றுவிடும். ஆகவே, தெருவில் வெள்ளம் ஓடத் தொடங்கிய பிறகு மக்களை மையத்துக்கு வரச் சொல்வது அவர்களை ஆபத்துக்குள் அனுப்புவதாகவே முடியும். படுக்கையில் இருக்கும் முதியோர், மாற்றுத்திறனாளிகள், பேறுகாலம் நெருங்கிய பெண்கள் ஆகியோரின் பட்டியல் வார்டு வாரியாக முன்கூட்டியே கையில் இருந்தால்தான் அவர்களை உரிய நேரத்தில் அழைத்துவர இயலும்.

ஜப்பானின் கமாய்ஷி நகரில் 2011 மார்ச் 11 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, தொடர்ந்து பயிற்சி பெற்றிருந்த பள்ளி மாணவர்கள், ஒதுங்குவதற்கென முன்பே குறிக்கப்பட்டிருந்த இடமும் பாதுகாப்பானதல்ல என்று கண்டுகொண்டு, இன்னும் மேடான பகுதிக்கு ஓடினர். மூத்த மாணவர்கள் சிறுவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றனர். அந்நகரின் கிட்டத்தட்ட 3,000 பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய அனைவரும் உயிர் தப்பினர். 1970 புயலில் லட்சக்கணக்கானோரைப் பறிகொடுத்த வங்கதேசம், கிராமம்தோறும் தன்னார்வலர்களைப் பழக்கி, ஒலிபெருக்கியும் கொடியும் கொடுத்து வீடு வீடாக எச்சரிக்கை சொல்லவைத்தது. பின்னாளில் வந்த பெரும்புயல்களில் அங்கு உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது. இவையெல்லாம் ஒரு நகராட்சியின் சக்திக்கு மீறிய செலவு பிடிப்பவை அல்ல.

எனவே, ஒவ்வொரு மையத்தின் சாவியும் குறைந்தது இரண்டு பேரிடமாவது இருக்க வேண்டும். அவர்களைத் தொடர்புகொள்ளும் எண்கள் மையத்தின் வாயிலிலேயே எழுதப்பட வேண்டும். தெருவில் நீர் ஏறினால் எந்தப் பகுதிக்கு எப்போது மின் இணைப்பைத் துண்டிப்பது என்பதை மின்வாரியத்துடன் பேசி இப்போதே முடிவுசெய்ய வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பாக, ஒரு விடுமுறை நாளின் இரவில், முன்னறிவிப்பின்றி அலுவலர்களை அழைத்து ஒத்திகை நடத்த வேண்டும். தேதி குறித்து, விருந்தினரை வரவழைத்து, காலை பத்து மணிக்கு நடத்துவது விழாவே தவிர ஒத்திகை ஆகாது.

அந்த ஒத்திகையில் எந்தக் கதவு திறக்கவில்லை, எந்த மோட்டார் இயங்கவில்லை, எந்த வார்டுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை என்பதை நகராட்சி மன்றக் கூட்டத்தில் வைத்து மக்களுக்கும் வெளியிட வேண்டும். வழக்கம்போல 'வெற்றிகரமாக நடைபெற்றது' என்ற ஒரு வரியும் ஒரு புகைப்படமும் மட்டும் வெளிவந்தால், எதைச் சரிசெய்வது என்பது அடுத்து பொறுப்பேற்கும் அலுவலருக்கும் தெரியாமலே போய்விடும்.

இப்படிக்கு,
நகர்வாசி ஒருவர்