படிக்கட்டு லைட்டைத் திருப்பிப் போடுங்கள்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை ராத்திரி என் அம்மா இரண்டாவது மாடித் திருப்பத்தில் விழுந்தது உங்கள் மூவருக்கும் தெரியும். தலைவர் ஐயா ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார், நன்றி. வலது கையில் மாவுக்கட்டு, ஆறு வாரம். எழுபத்து மூன்று வயதில் தலையை இன்னொருவர் பின்னிவிட, சாதத்தை இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட வேண்டியிருப்பதுதான் வலியைவிட அம்மாவை வாட்டுகிறது. யாராவது வந்தால் தட்டை மூடி வைத்துவிடுகிறார். படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்திருக்கிறார், இன்னும் ஒன்று இருந்திருக்கிறது. அதைக் காட்ட வேண்டிய டியூப் லைட்டைத்தான் நீங்கள் ஆடி மாதமே கழற்றிவிட்டீர்களே.

உங்கள் கஷ்டமும் புரிகிறது. பொது மீட்டருக்கு 2022 செப்டம்பரில் தனிக் கட்டணம் வந்து யூனிட் 8 ரூபாய் ஆனதிலிருந்து பில் வரும் நாளெல்லாம் பொருளாளர் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. 2023-ல் வந்த சலுகையும் 10 வீடு வரை உள்ள சின்னக் கட்டடங்களுக்குத்தான், நாம் 24 வீடு. சரி, மிச்சம் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் கணக்கையாவது போட்டுப் பார்த்திருக்கலாம். பழைய 36 வாட் டியூப் சோக்கோடு சேர்த்துச் சுமார் 50 வாட் இழுக்கும். படிக்கட்டில் இருந்த பதினாறில் எட்டைக் கழற்றியதில், ராத்திரிக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்தால், இரண்டு மாதத்துக்கு 288 யூனிட் மிச்சம். பதினாறையும் 20 வாட் எல்.இ.டி.யாக மாற்றியிருந்தால் 345 யூனிட். அதாவது எல்லா லைட்டும் எரிந்து, அம்மாவும் விழாமல், இதைவிட அதிகம் மிச்சமாகியிருக்கும்!

எல்.இ.டி. நாலு மாதத்தில் போய்விடுகிறது என்கிறார் செயலாளர் சார். போனவை பில் இல்லாமல் வாங்கிய பல்புகள், அதுவும் காற்றே புகாத கண்ணாடிக் குண்டுக்குள் மாட்டியவை. சூட்டில் பெரும்பாலும் முதலில் சாவது உள்ளே கரண்டை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் என்ற சின்னச் சர்க்யூட்தான். நட்சத்திர முத்திரை, இரண்டு வருட வாரண்டி, பில், இவ்வளவு பார்த்து வாங்கினால் போதும். பழைய செட்டிலேயே மாட்டுவதானால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் சோக்கை எடுத்துவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் அது பாட்டுக்குக் கரண்டைத் தின்றுகொண்டிருக்கும். விலை அதிகம் என்பதும் பழைய கதை. 2014-ல் மத்திய அரசு நிறுவனமே 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்த எல்.இ.டி. பல்பு 2016-ல் 40 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது.

அப்புறம் வாசல் பிள்ளையாருக்கு 500 வாட் ஹாலோஜன். ராத்திரிக்கு 6 யூனிட், நீங்கள் கழற்றிய எட்டு டியூப்பும் சேர்ந்து இழுத்ததைவிட அதிகம். பிள்ளையாருக்கும் எனக்கும் ஒரு வருத்தமும் இல்லை, அவர் கேட்டிருக்கவும் மாட்டார். சங்க அறையில் பகல் பதினோரு மணிக்கு ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, நாலு டியூப் லைட்டையும் எரியவிட்டு அதன் கீழே உட்கார்ந்துதான் மின்சிக்கனச் சுற்றறிக்கை தயாராகிறது. அதைப் படிக்க எங்களுக்குத்தான் படிக்கட்டில் வெளிச்சம் இல்லை.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான்: படிக்கட்டு லைட்டைத் திருப்பிப் போடுங்கள், பதினாறையும், எல்.இ.டி.யாக. வருகிற ஞாயிறு கூட்டத்தில் தயவுசெய்து இதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மாடித் திருப்பத்துக்கான டியூப்பை நான் வாங்கித் தந்துவிடுகிறேன். அதன் மேல் ‘உபயம்’ என்று என் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள், வெளிச்சம் குறையும்.

இப்படிக்கு,
இரண்டாவது மாடி வீட்டுக்காரன்