நோட்ஸ் புத்தகம் வாங்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பியானோ நோட்ஸ் (ஸ்வரக் குறிப்பு) புத்தகம் எதை வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பார்த்தேன். ஒன்று 'புகழ்பெற்ற நூறு பியானோ ரத்தினங்கள்' ரகத்தில் ஒரு குண்டுப் புத்தகம், இன்னொன்று வெளிர்பச்சை அட்டை போட்ட பழைய பீட்டர்ஸ் பதிப்பகப் புத்தகம். குண்டுப் புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிடு. பச்சைப் புத்தகத்தைப் பற்றி அட்டையை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, உள்ளே பார்க்க வேண்டும். எதைப் பார்ப்பது என்பதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதி உன் காதில் விழாது, மீதியை மறந்துவிடுவாய்.

குண்டுப் புத்தகம் ஏன் வேண்டாம் என்கிறேன்? பொருளடக்கத்தைப் பார். பீஸின் பெயருக்குப் பக்கத்தில் ஓபஸ் எண்ணோ (இசையமைப்பாளரின் படைப்பு வரிசை எண்) வேறு பட்டியல் எண்ணோ இல்லையென்றால் கொஞ்சம் சந்தேகப்படு. மூலத்தைச் சுருக்கி, சுருதியை மாற்றி, எளிதாக்கிப் போட்டிருப்பார்கள். டெபுஸியின் 'கிளேர் த லூன்' பக்கத்தைத் திருப்பு. முதல் வரியில் ஐந்து ஃபிளாட் குறி (ஸ்வரத்தை அரைப்படி இறக்குவது) இருக்க வேண்டும், தாளம் 9/8. பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டா என்றால் நான்கு ஷார்ப் (அரைப்படி ஏற்றுவது). அங்கே வெள்ளைக் கட்டையிலேயே எல்லாம் ஓடுகிறது என்றால் மூடி வைத்துவிடு. ஆறாம் கிரேடு முடித்தவளுக்கு எதற்கு அது?

மூலத்தையே அச்சடித்திருந்தாலும் வேறொரு தொல்லை உண்டு. மூன்லைட்டின் முதல் பகுதியை நீ இன்றைக்கே வாசித்துவிடுவாய். நாலு பக்கம் தள்ளி மூன்றாம் பகுதி வரும், அதற்கு மாப்பிள்ளைக்கே வேர்க்கும். இப்படி எல்லா நிலைக்கும் உள்ளதை ஒன்றாகக் கட்டிய புத்தகத்தில் உனக்கு உதவுகிற பக்கங்கள் கொஞ்சம்தான் தேறும். தவிர, உன் டிஜிட்டல் பியானோவில் புத்தகம் வைக்கிற தாங்கி ஒல்லியானது. பசை போட்டு ஒட்டிய தடிப் புத்தகம் அதில் விரிந்து நிற்காது; நடு வாசிப்பில் மூடிக்கொள்ளும், இல்லை உன் கையில் வந்து விழும். இங்கேயாக இருந்தால் பைண்டிங் கடையில் கொடுத்து ஸ்பைரல் போட்டுவிடலாம்.

ஒரே ஒரு பீஸுக்காகப் புத்தகம் வாங்காதே. கடையில் நின்றபடியே நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, மெதுவான வேகத்தில் மனதுக்குள் வாசித்துப் பார். லெஃப்ட் ஹேண்ட் எங்கே போகிறது என்று தெரிகிறதா? நாலைந்து இடங்களில் திறந்து பார்த்துப் பாதிக்கு மேல் பிடிபட்டால் வாங்கு. கிரேடு எக்ஸாம் நம் பிள்ளைகளுக்கு ஒழுங்கு கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் வருஷம் பூராவும் அதே மூன்று பீஸ், எக்ஸாமினர் முன்னால் வாசித்ததும் அடுத்த கிரேடு புத்தகம். இப்படியே வளர்ந்த பிள்ளைக்குப் புதிதாக ஒரு பக்கத்தைக் காட்டினால் கை ஓடாது. என் வகுப்பில் இதைத் தினமும் பார்க்கிறேன். உனக்கு இப்போது வேண்டியது மூன்று கடினமான பீஸ் இல்லை, முப்பது நடுத்தரமான பீஸ்.

அதனால் முதலில் நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் புத்தகம் வாங்கு. 'லிரிக் பீசஸ்' என்று மொத்தம் 66 சின்ன பீஸ்கள், 1867இலிருந்து 1901 வரை பத்துப் புத்தகங்களாக வந்தவை. முதல் புத்தகம் ஓபஸ் 12. அதன் முதல் பீஸ் 'அரியெட்டா' ஒரு பக்கம்தான். மேலே பாட்டு, கீழே பேஸ் (அடி ஸ்வரம்), நடுவில் ஓடுகிற ஸ்வரங்களை இரண்டு கைகளும் மாற்றி மாற்றிப் பங்கு போட்டுக்கொள்ளும். நோட்ஸ் படிக்கப் பத்து நிமிஷம் போதும். பாட்டை மட்டும் மேலே தூக்கி, நடு ஓட்டத்தை அடக்கி வைக்கத்தான் நாளாகும். பத்தாம் புத்தகத்தின் கடைசி பீஸில் இதே மெட்டு வால்ட்ஸாகத் திரும்ப வருகிறது. 66ஐயும் ஒரே தொகுதியாக விற்கிறார்கள், ஆசைப்படாதே. ஓபஸ் 12, ஓபஸ் 43 இரண்டையும் தனித்தனி மெல்லிய புத்தகங்களாக வாங்கு. 43இல் 'பட்டாம்பூச்சி' உன்னைக் கொஞ்சம் படுத்தி எடுக்கும், எடுக்கட்டும்.

கிரீக் படித்ததும் நீ இருக்கிற லைப்சிக்கில்தான். 1858இல், பதினைந்து வயதில், மெண்டெல்ஸோன் தொடங்கிய அந்தக் கன்சர்வேட்டரிக்கு வந்து சேர்ந்தார். அவருடைய இசையை அச்சிட்டது பீட்டர்ஸ். பீட்டர்ஸ் இருந்த தால்ஸ்ட்ராஸ 10ஆம் எண் கட்டடத்தில் அவர் தங்கிய இடத்தை நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சும்மா தூங்காமல் போய்ப் பார்த்துவிட்டு வா.

அடுத்தது ஷூமன், ஓபஸ் 68, 'இளையோருக்கான ஆல்பம்'. பெயரைப் பார்த்துக் குழந்தைப் புத்தகம் என்று ஒதுக்காதே. மூத்த மகள் மரீயின் ஏழாவது பிறந்தநாளை ஒட்டி 1848இல் எழுதத் தொடங்கி, 43 பீஸாக வளர்ந்தது. முதல் 18 சின்னவர்களுக்கு, மிச்சம் வளர்ந்தவர்களுக்கு என்று அவரே பிரித்து வைத்திருக்கிறார். நீ 19இலிருந்து ஆரம்பி. 28ஆவதின் பெயர் 'நினைவு', தலைப்போடு ஒரு தேதி இருக்கும்: 4 நவம்பர் 1847. மெண்டெல்ஸோன் லைப்சிக்கில் இறந்த நாள் அது. 41ஆவது நண்பர் காடேக்குச் சொன்ன வணக்கம். ஜி, ஏ, டி, ஈ என்று அவர் பெயரின் எழுத்துகளே ஸ்வரங்களாக வரும். மூன்று பீஸுக்குப் பெயரே கிடையாது, தலைப்பில் மூன்று நட்சத்திரம் மட்டும். அதில் 21ஆவதை வாசித்து ரெக்கார்ட் பண்ணி அனுப்பு. இதையும் ஓபஸ் 15ஐயும் குழப்பிக்கொள்ளாதே. அது 1838இல் எழுதிய 13 பீஸ், 'ட்ராய்மெராய்' இருக்கிறதே, அந்தத் தொகுப்பு. இரண்டையும் சேர்த்துக் கட்டிய பதிப்பு கிடைத்தால் யோசிக்காமல் எடு.

பார்டோக்கின் 'மைக்ரோகாஸ்மோஸ்' ஆறு புத்தகம், 153 பீஸ். உனக்கு நான்காவதும் ஐந்தாவதும் சரி. ஆறாவதை மாப்பிள்ளைக்கு விடு, ஆனால் அதன் கடைசியில் இருக்கிற பல்கேரிய தாள நடனங்கள் ஆறையும் எட்டிப் பார். 150ஆவது இரண்டும் மூன்றும் சேர்ந்த ஐந்து, அதாவது நம் கண்டசாபு. 149ஆவது 2, 2, 3 என்று ஏழு. மிஸ்ரசாபுவில் மூன்று முதலில் வரும், இங்கே கடைசியில். பாட்டு வகுப்பில் தொடை சிவக்கத் தாளம் போட்டதெல்லாம் வீண் போகவில்லை, பார்.

இந்தப் புத்தகங்களில் பல, பிள்ளைகளுக்காகப் பெற்றவர்கள் செய்தவை. பாக் 1720இல் ஒன்பது வயது மகனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கினார், அவருடைய இன்வென்ஷன்கள் என்கிற சின்னப் பயிற்சி பீஸ்கள் முதலில் அதில்தான் இருந்தன. பார்டோக் முதல் இரண்டு புத்தகங்களை மகன் பீட்டருக்கு அர்ப்பணித்தார். டெபுஸி 'சில்ட்ரன்ஸ் கார்னர்' தொகுப்பை மகளுக்குக் கொடுத்துவிட்டு, பின்னால் வரப்போவதற்கு அப்பாவின் மன்னிப்பையும் அதிலேயே கேட்டுக்கொண்டார். எல்லாம் அப்பாக்கள் பெயர். க்ளாரா ஷூமன் எட்டுப் பிள்ளைகளைப் பெற்று, மேடையிலும் வாசித்து, கணவர் போன பிறகு அவருடைய இசையை உன் ஊர் பிரைட்காஃப் பதிப்பகத்துக்காகப் பதிப்பித்தும் கொடுத்தார். அவர் எழுதிய மூன்று ரொமான்ஸ், ஓபஸ் 21, எங்காவது கண்ணில் பட்டால் எனக்கும் ஒன்று வாங்கி வை.

இனி பதிப்பு. பாக் வாங்கும்போதுதான் இது ரொம்ப முக்கியம். பாக் இன்வென்ஷன்களில் சத்தம் கூட்டு, குறை என்று எழுதவில்லை, வேகமும் சொல்லவில்லை. பழைய பதிப்புகளில் எல்லாம் இருக்கும். அவை பதிப்பாசிரியரின் கருத்து, ஆனால் பாக் சொன்ன மாதிரியே அச்சாகியிருக்கும். உர்டெக்ஸ்ட் என்று அட்டையில் போட்ட பதிப்புகள் கையெழுத்துப் பிரதியையும் முதல் அச்சுகளையும் ஒப்பிட்டு, யார் சேர்த்தது எது என்று தெரிகிற மாதிரி வெளியிடுபவை. நீலச் சாம்பல் அட்டை ஹென்லே, 1948இல் தொடங்கியது. சிவப்பு அட்டை வீனர் உர்டெக்ஸ்ட். பேரன்ரைட்டரும் நல்லது. உர்டெக்ஸ்ட் என்றாலும் அதில் இருக்கிற விரல் எண்கள் பெரும்பாலும் பதிப்பாசிரியருடையவைதான், உன் கைக்குப் பொருந்தாவிட்டால் பென்சிலால் மாற்றிக்கொள். விரல் எண்ணே இல்லாத புத்தகம் இப்போதைக்கு உனக்கு வேண்டாம்.

அந்தப் பச்சைப் புத்தகம் பாக்கின் 'வெல்-டெம்பர்டு கிளாவியர்' முதல் பாகம் என்றால் ஒரு சோதனை சொல்கிறேன். முதல் ப்ரெலூட், சி மேஜர், உனக்கு மனப்பாடம். பார்களை (கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டங்களை) எண்ணு. பாக் எழுதியது 35. அங்கே 36 இருந்தால் 22ஆம் பாருக்கும் 23ஆம் பாருக்கும் நடுவில் ஒன்று புகுந்திருக்கிறது. பேஸ் எஃப் ஷார்ப்பிலிருந்து ஏ ஃபிளாட்டுக்குத் தாவுகிற இடம் அது. தாவல் உறுத்தியதாலோ என்னவோ, ஜி ஸ்வரத்தை வைத்து ஒரு பாரைச் சேர்த்து இடைவெளியை அடைத்துவிட்டார்கள். பீத்தோவனின் மாணவர் செர்னி 1837இல் பீட்டர்ஸுக்குச் செய்த பதிப்பில் அந்த பார் இருக்கிறது. அந்தப் பதிப்பைத்தான் பல மலிவு அச்சுகள் இன்றைக்கும் மறுபடி மறுபடி போடுகின்றன. கூனோ இதே ப்ரெலூட் மேல் 'ஆவே மரியா' பாட்டை எழுதும்போதும் அந்தக் கூடுதல் பாரோடுதான் எழுதினார், அதனால் நம் சர்ச் கல்யாணங்களில் நீ வாசித்ததும் 36தான். கல்யாணத்தில் அதை விட்டுவிடாதே, பாடுகிறவர் தவித்துப்போவார். வீட்டில் 35 வாசித்துப் பார். அந்தத் தாவலின் காரம் அப்போதுதான் தெரியும்.

செர்னியின் பதிப்பு குப்பை என்று சொல்ல வரவில்லை. பீத்தோவன் அந்தப் புத்தகத்தின் ஃபியூக்களை (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கிற பீஸ்கள்) வாசித்துக் கேட்ட ஞாபகத்தையும் வைத்துச் செய்ததாக அவரே எழுதியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாக்கை எப்படி வாசித்தார்கள் என்று தெரிய அது பயன்படும். இரண்டாவது புத்தகமாக வைத்துக்கொள்ளலாம், ஒரே புத்தகமாக வேண்டாம்.

மாப்பிள்ளையின் பிறந்தநாள் பரிசுக்கு வருகிறேன். டிப்ளமோ வரை முடித்தவர், எதையும் சமாளிப்பார் என்று நீ மலை போன்ற ஒன்றை வாங்கிக் கொடுக்க நினைப்பது தெரிகிறது. டெபுஸியின் எட்யூட்கள் (பயிற்சி பீஸ்கள்) அழகுதான், 1915இல் எழுதியவை, விரல் எண் ஒன்றுகூடக் கிடையாது. நம் விரலை நாமே தேடிக்கொள்வோம் என்று முன்னுரையில் சொல்லிவிட்டார். ஆனால் வேலை முடிந்து ராத்திரி எட்டு மணிக்கு வருகிற மனிதருக்கு அது பரிசா, தண்டனையா? பிராம்ஸின் கடைசிக் கால பீஸ்கள் வாங்கு. ஓபஸ் 116லிருந்து 119 வரை, மொத்தம் 20, பெரும்பாலும் நாலைந்து நிமிஷத்தில் முடிகிறவை. 118ஐ க்ளாராவுக்கு அர்ப்பணித்தார். அதில் இரண்டாவது, ஏ மேஜர் இன்டர்மெட்ஸோ, இரண்டொரு வருஷத்தில் நீயே வாசிப்பாய். பெரிய அக்கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்கள்) வரும், ஆனால் மாப்பிள்ளையின் கை எட்டும்.

கையில் காசு மிச்சமிருந்தால் ஷோபானின் இம்ப்ராம்ப்டுகளையும் நல்ல பதிப்பில் சேர்த்துக்கொள். மாப்பிள்ளை வாசிக்கிற ஃபான்டஸி-இம்ப்ராம்ப்டு, ஷோபான் இறந்த பின் அவருடைய நண்பர் ஃபொன்டானா 1855இல் வெளியிட்ட வடிவம். ஷோபானே எழுதிக் கொடுத்த பிரதி ஒன்றைப் பியானோ கலைஞர் ரூபின்ஸ்டைன் 1960இல் கண்டெடுத்தார். இரண்டையும் போட்ட பதிப்பாகப் பார்த்து வாங்கு. மாப்பிள்ளை ஒரு மாதத்துக்கு உன்னிடம் அதைப் பற்றியே பேசுவார், பொறுத்துக்கொள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இங்கே மாதிரி புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடாதே. ஜெர்மனியில் சொந்த உபயோகத்துக்குக்கூட, காப்புரிமை முடியாத இசைப் புத்தகத்தை நகல் எடுக்க அனுமதி இல்லை. கையால் பார்த்து எழுதிக்கொள்ளலாம், அல்லது குறைந்தது இரண்டு வருஷமாக அச்சில் இல்லாததாக இருக்க வேண்டும். இணையத்தில் ஐஎம்எஸ்எல்பி என்கிற நோட்ஸ் தளத்தில் பழைய பதிப்புகள் இலவசம்தான், ஆனால் ஜெர்மனியில் இசையமைப்பாளர் இறந்து 70 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், நம் நாட்டில் 60. பார்டோக் இறந்தது 1945, ப்ரோகோஃபியெவ் 1953, இரண்டும் தாண்டியாயிற்று. ஷோஸ்தகோவிச் 1975, அவருக்கு இன்னும் காசுதான். வாங்குவதற்கு முன் ஒரு பீஸை வாசித்துப் பார்க்க அந்தத் தளம் போதும். அங்கே நகர நூலகங்களிலும் நோட்ஸ் இரவல் கொடுக்கிறார்கள். ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு, விட மனசு வராததை மட்டும் வாங்கு.

சனிக்கிழமை கடைக்குப் போனதும் பொருளடக்கம், முதல் பக்கம், நடுவில் ஒரு பக்கம், கடைசியில் பதிப்பாசிரியர் குறிப்பு, இந்த நான்கையும் படம் எடுத்து அனுப்பு. உனக்கு மத்தியானம் என்றால் எனக்கு வகுப்பு நேரம், பதில் கொஞ்சம் தாமதமாகும். அதுவரை கடைக்காரர் பேச்சைக் கேட்டு எதற்கும் பில் போடச் சொல்லாதே.

அன்புடன்,
அம்மா