வளர்ந்த பிறகும் ஓயாத மரபணு

அன்பு மகளுக்கு,

"வளர்ச்சியை நடத்தும் மரபணுவுக்கு, வளர்ச்சி முடிந்த பிறகு என்ன வேலை அம்மா?" என்று போனில் கேட்டாய். அவசரமாக ஏதோ சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஆய்வகத்து உருளைப்புழு இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது.

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற அந்தப் புழு ஒரு மில்லிமீட்டர் நீளம்தான். நான்கு முறை தோலுரித்து, மூன்று நாளில் முதிர்ந்துவிடும்; இரண்டு மூன்று வாரங்களில் ஆயுளும் முடிந்துவிடும். முதல் பருவத்தில் லின்-14 என்ற புரதம் அதன் உடலில் நிறைய இருக்கும். அந்தப் பருவம் முடியும் வேளையில் லின்-4 மரபணு 22 எழுத்துகளே கொண்ட ஒரு சின்ன ஆர்.என்.ஏ.வை உண்டாக்குகிறது. அது லின்-14 புரதத்துக்கான செய்முறையைச் சுமக்கும் தூதுவ ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ள, புரதம் குறைகிறது. புழு அடுத்த பருவத்துக்கு நகர்கிறது. விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்குனும் 1993இல் வெளியிட்ட இந்தக் கண்டுபிடிப்புக்குத்தான் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

லின்-4 பழுதான புழுவை நுண்ணோக்கியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். முதல் பருவத்து வேலைகளையே அதன் உடல் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். முட்டையிடும் துளை உருவாவதே இல்லை. முட்டைகள் உள்ளேயே பொரிந்து, குஞ்சுகள் தாயின் உடலுக்குள் நெளிவது தோல் வழியே தெளிவாகத் தெரியும்.

இனி உன் கேள்வி. 2005இல் யேல் பல்கலைக்கழகத்தின் மிஷெல் போமும் ஃபிராங்க் ஸ்லாக்கும் லின்-4, லின்-14 ஜோடிக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பைக் கண்டார்கள். எங்கள் துறையில் ஆயுளை அளப்பது பொறுமை கேட்கும் வேலை: ஒவ்வொரு புழுவையும் பிளாட்டினக் கம்பியால் மெல்லத் தொட வேண்டும், அசையாவிட்டால் இறந்ததாகக் குறிக்க வேண்டும். லின்-4 குறைந்த புழுக்களின் திசுக்கள் சீக்கிரமே மூப்படைந்தன, ஆயுளும் குறைந்தது. லின்-4 கூடியவையும் லின்-14 குறைந்தவையும் அதிக நாள் வாழ்ந்தன. ஆனால் மற்ற மரபணுக்களை இயக்கும் டாஃப்-16 என்ற புரதம் இல்லாவிட்டால் லின்-14ஐக் குறைத்தும் பயனில்லை. 1993இல் சிந்தியா கென்யன் குழு காட்டிய, டாஃப்-2 மரபணு பழுதாகி இரட்டிப்பு ஆயுள் பெற்ற புழுக்களுக்கும் இதே டாஃப்-16தான் தேவைப்பட்டது. டாஃப்-2, டாஃப்-16 இரண்டும், இன்சுலின் போன்ற சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் 'இன்சுலின் பாதை'யின் உறுப்புகள். அதாவது, அந்தப் பாதையின் வழியாக லின்-4 முதுமையைத் தொடுகிறது.

லின்-4இன் உறவான மிர்-125 என்ற சின்ன ஆர்.என்.ஏ. நம் உடலிலும் உண்டு. டாஃப்-16க்கு உறவு ஃபாக்ஸோ புரதங்கள். அதற்காக, புழுவுக்கு நடந்தது மனிதருக்கும் நடக்கும் என்று யாராவது மாத்திரை விற்க வந்தால் நம்பிவிடாதே. உன் வகுப்பில் ஃபாக்ஸோ பாடம் வந்ததும் எனக்கு எழுது. இருவரும் சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
அம்மா