அன்னா மே வோங்குக்காக ஆஸ்கர் அகாடமிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அகாடமி ஆளுநர் குழுவினருக்கு,

வணக்கம். 1938 மார்ச் 10 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் நீங்கள் நடத்திய விருது விழா பற்றியது இந்த மடல். சீனக் கிராமத்துக் கதையான 'தி குட் எர்த்' படத்தில் ஓ-லான் என்ற குடியானவப் பெண்ணாக நடித்த லூயிஸ் ரைனருக்கு அன்றிரவு சிறந்த நடிகை விருது கொடுத்தீர்கள். அந்தப் படத்தைத் தயாரித்து, அது வெளிவரும் முன்பே இறந்துபோன எர்விங் தால்பெர்கின் பெயரில் ஒரு நினைவு விருதை முதன்முதலாக வழங்கியதும் அதே விழாவில்தான்.

ஓ-லானாக நடிக்க மிகவும் ஆசைப்பட்ட சீன வம்சாவளி நடிகை அன்னா மே வோங் உங்கள் ஊர்ப் பெண். 1905இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர், சலவைக்கடைக்காரர் மகள். அந்த அப்பாவே கலிபோர்னியாவில் பிறந்தவர்தான். ஆனாலும் சீனர்கள் அமெரிக்காவுக்குள் குடியேறுவதைத் தடுக்கும் 1882ஆம் ஆண்டுச் சட்டம் அமலில் இருந்ததால், மகள் வெளிநாடு போய்த் திரும்ப ஒவ்வொரு முறையும் தனிப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. 'சீன இனத்தைச் சேர்ந்த, அமெரிக்கக் குடிமக்கள் எனச் சொல்லப்படுபவர்களுக்கான' விண்ணப்பம் அது. அந்தத் தலைப்பைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. ஐரோப்பாவே கொண்டாடிய நட்சத்திரம், பிறந்த மண்ணுக்குள் திரும்பி வர அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

17 வயதில், 1922இல் வந்த 'தி டோல் ஆஃப் தி சீ' படத்தின் நாயகி அவர். டெக்னிகலர் வண்ணப்படங்கள் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. தன்னை விட்டுப் போன அமெரிக்கக் கணவனிடமே பிள்ளையையும் ஒப்படைத்துவிட்டுக் கடலில் இறங்கும் பெண் வேடம். வசனம் பேச வழியில்லாத காலம். எல்லாவற்றையும் கண்களாலேயே சொல்லிவிடுகிறார். அப்புறம் 1924இல் 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்', 1932இல் மார்லின் டீட்ரிக்கோடு 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்'. நடுவில் சில ஆண்டுகள் பெர்லினிலும் லண்டனிலும் நடித்தார். ஹாலிவுட்டில் தொடர்ந்து கிடைத்ததோ அடிமைப்பெண், சூழ்ச்சிக்காரி, இல்லையென்றால் முடிவில் சாகிற காதலி.

'தி குட் எர்த்' நாயகன் வாங் லுங்காக வெள்ளை நடிகர் பால் முனியை, படத்தை எடுத்த எம்ஜிஎம் ஸ்டுடியோ முடிவு செய்ததும் ஓ-லான் வேடம் அன்னாவுக்கு எட்டாமல் போயிற்று. வெள்ளையரும் வேற்று இனத்தவரும் திரையில் இணையக் கூடாது என்று ஒரு தணிக்கை விதி இருந்தது. எழுத்தில் அது வெள்ளையரையும் கருப்பரையும் பற்றியதுதான்; நடைமுறையில் ஆசியர்களையும் அதே விதியால் விலக்கி வைத்தார்கள். முனி ஒப்பனை போட்டுச் சீனராகலாம். சீனப் பெண் அவருக்கு மனைவியாக நடிக்க முடியாது. கடைசியில் அன்னாவுக்கு நடிப்புச் சோதனை எடுத்தது குடும்பத்தைக் குலைக்க வரும் லோட்டஸ் வேடத்துக்கு. அதுவும் ஆஸ்திரிய நடனக் கலைஞர் டில்லி லாஷுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. 1936இல் அன்னா முன்னோரின் ஊரைப் பார்க்கச் சீனாவுக்குக் கிளம்பினார்.

வேடம் கொடுக்காதது ஸ்டுடியோதானே, அகாடமி என்ன செய்யும் என்று நீங்கள் கேட்கலாம். சரி, ஆனால் 1927இல் அகாடமியைத் தொடங்க முன்னின்றவரும் எம்ஜிஎம்மை நடத்தியவரும் ஒரே லூயி பி. மேயர். தால்பெர்க் அவருடைய வலது கை. கதவைச் சாத்தியவர்களும் பரிசு கொடுத்தவர்களும் ஒரே வீட்டுக்காரர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ரைனரின் விருதை நான் குறை சொல்லவில்லை. நன்றாகவே நடித்திருக்கிறார். ஆனால் போட்டியிலேயே சேர்க்கப்படாத ஒருவருக்கு நீங்கள் இன்னும் கடன்பட்டிருக்கிறீர்கள்.

அதற்குப் பிறகும் அன்னா ஒதுங்கிவிடவில்லை. போர்க்காலத்தில் நடித்த இரண்டு படங்களின் சம்பளத்தைச் சீன நிவாரண நிதிக்குக் கொடுத்தார். 1951இல் டூமாண்ட் தொலைக்காட்சியில் அவரையே நாயகியாக வைத்து ஒரு தொடர் வந்தது. இன்று பார்க்க அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. 1961 பிப்ரவரியில், 56 வயதில் இறந்தார். 2022இல் அமெரிக்க அரசு தன் கால் டாலர் நாணயத்தில் அவர் முகத்தைப் பொறித்தது. மறு ஆண்டு சீன வம்சாவளி மலேசிய நடிகை மிஷெல் யோ சிறந்த நடிகை ஆஸ்கரை வாங்கியபோது எனக்குச் சந்தோஷத்தோடு அன்னாவின் நினைவும் சேர்ந்தே வந்தது.

என் கோரிக்கை ஒன்றுதான்: அன்னா மே வோங்குக்குக் கௌரவ ஆஸ்கர் அறிவியுங்கள். கௌரவ விருது பொதுவாக உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் என்பது தெரியும். ஆனால் உங்கள் முதல் தலைவர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் 1939 டிசம்பரில் இறந்தார்; அடுத்த விழாவிலேயே அவருக்கு நினைவு விருது கொடுத்தீர்கள். 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' அவருடைய படம். அதில் நாயகன் அவர், மங்கோலிய அடிமைப்பெண்ணாக நடித்தவர் அன்னா. அவருக்குச் செய்ததை இவருக்கும் செய்யுங்கள்.

ஆஸ்கர் வென்ற முதல் கருப்பினக் கலைஞரான ஹாட்டி மெக்டானியலின் தொலைந்துபோன விருதுக்குப் பதிலாக 2023இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக ஒன்று கொடுத்தவர்கள் நீங்கள். அதனால்தான் நம்பிக்கையோடு எழுதுகிறேன். விருது கொடுக்கும் நாளில் 'தி டோல் ஆஃப் தி சீ' படத்தையும் திரையிடுங்கள். அதில் வரும் அந்த 17 வயதுப் பெண்ணை, ஒருமுறையாவது உங்கள் உறுப்பினர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கட்டும்.

அன்புடன்,
ஒரு தமிழ் ரசிகர்