நுரையைப் பார்த்தவருக்கும் மற்றவர்களுக்கும்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கும், ஐந்து மாதம் எங்களோடு அலைந்தவர்களுக்கும் வணக்கம்.

தெருமுனையில் புதுக் கட்டடம் எழும்பத் தொடங்கியதில் இருந்தே தண்ணீர் தேங்கியது. மழையே இல்லாத மே மாதத்தில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பால் வாங்கப் போனோம். சாக்கடை அடைப்பு என்று நினைத்துக் குடிநீர் வாரியத்தின் 4567 4567-க்குப் போன் மேல் போன். வந்த இருவரும் மேன்ஹோல் மூடியைத் திறந்து காட்டினார்கள். உள்ளே சீராக ஓடிக்கொண்டிருந்தது. "நிக்கிறது மழைநீர் வடிகால் தண்ணிங்க. அது மாநகராட்சி, 1913-க்குச் சொல்லுங்க" என்று பொறுமையாக விளக்கினார்கள். அவர்களுக்கு முதல் நன்றி. முப்பது வருஷமாக இங்கே இருந்தும், கழிவுநீர் ஒரு துறை, மழைநீர் வேறு துறை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அப்புறம் எங்கள் இஸ்திரி அண்ணன். "காலைல மட்டும் நுரை வருது சார்" என்றார். கட்டட வேலையாட்கள் குளிக்கும் ஏழு மணிக்கு வடிகால் ஓட்டையில் வெள்ளையாகப் பொங்கும். எட்டு மணிக்கெல்லாம் அடங்கிவிடும். மூன்று நாள் கவனித்துவிட்டுத்தான் சொன்னார். நாலாம் நாள் நானும் போய்க் குனிந்து பார்த்தேன். சோப்பு வாசனை, கூடவே எழுதத் தகாத இன்னொரு வாசனை.

அதை வைத்துத்தான் 1913-க்குச் சொன்னோம். நேரில் வந்த உதவிப் பொறியாளர் மணல் குவியலை ஒதுக்கச் சொன்னார். அடியில் நாலு இன்ச் பிவிசி குழாய் ஒன்று, கட்டடத்தின் கழிவுநீரை நேராக மழைநீர் வடிகாலில் விட்டுக்கொண்டிருந்தது! அன்று மாலையே அதை அறுத்து ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைக்க வைத்தார். மறுநாள் இயந்திரம் அள்ளிப் போட்டதில் முக்கால்வாசி ஜல்லியும் இறுகிய சிமென்ட்டும்தான். ஐப்பசி மழைக்கு முன்பே வழி பிறந்தது.

புகார் எண்களை எல்லாம் பழைய பால் கணக்கு நோட்டில் தேதியோடு எழுதி வைத்த மாடி வீட்டு மாமிக்கு என்ன சொல்ல! யார் எதைக் கேட்டாலும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, "இரு, இரு, பதினாறாம் தேதி" என்று ஆரம்பிப்பார்.

தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கட்டட வரைபடத்தின் நகல் கேட்டார். 30 நாளைக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். நகல் அதற்குள் வந்துவிட்டது. வரைபடத்தில் தரைத்தளம் வண்டி நிறுத்த. நேரில் பார்த்தால் மூன்று கடைக்கு ஷட்டர். நகலைக் காட்டிப் பேசியதும் கட்டுகிறவரே கழற்றிக்கொண்டார். சண்டை போட்டிருந்தால் அவ்வளவு சீக்கிரம் ஆகியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் கான்கிரீட் கலவை ஓடியபோதெல்லாம் வந்து நிறுத்தச் சொன்ன ரோந்துக் காவலர்களுக்கும், பேட்டரி வண்டியில் குப்பை எடுக்க வரும் தூய்மைப் பணியாளர் அக்காவுக்கும் நன்றி. தேங்கிய தண்ணீரில் ஒருநாள்கூட அவர் வராமல் இருந்ததில்லை.

இஸ்திரி அண்ணனிடம் இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. அவர் வண்டி நடைபாதையை அடைக்கிறது, அகற்ற வேண்டும் என்று போன வருஷம் நாங்கள் ஒரு மனு கொடுத்தோம். பதினோரு பேர் கையெழுத்துப் போட்டோம், மூன்றாவது என்னுடையது. அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் நுரையைப் பற்றி என்னிடம்தான் வந்து சொன்னார். மன்னித்துவிடுங்கள் அண்ணே. மனுவைத் திரும்பப் பெறுகிறோம் என்று போன திங்கட்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டோம். ஒப்புகைச் சீட்டு மாமியின் நோட்டில் இருக்கிறது.

அன்புடன்,
மூன்றாவது கையெழுத்துக்காரன்