மீட்டர் காட்டும் கிலோமீட்டரை எதுவரை நம்பலாம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

இப்போது வரும் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில், டேங்கில் இருக்கும் பெட்ரோலுக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்பதை மீட்டரே காட்டிவிடுகிறது. 60 என்று காட்டினால் 60 போகும் என்று நம்பி, வழியில் இருந்த பெட்ரோல் பங்கைத் தாண்டிப் போய், 40-ஆவது கிலோமீட்டரில் வண்டியைத் தள்ளுகிறவர்கள் நிறையப் பேர். அப்படி நின்ற வண்டிகளைப் பழுது பார்க்கிறவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம். அரை டேங்குக்கு மேல் இருக்கும்போது அந்த எண் ஓரளவு ஒத்து வரும். பெட்ரோல் விளக்கு எரிந்த பிறகு அதை நம்பி ஒரு பங்கைக்கூடத் தாண்டக் கூடாது.

அந்த எண்ணுக்குப் பின்னால் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. டேங்கில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பதை உள்ளே மிதக்கும் ஃப்ளோட் சொல்கிறது. லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்பதை, இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறந்திருந்த நேரத்தையும் ஓடிய தூரத்தையும் வைத்து, வண்டியின் சிறு கணினியான இசியு கணக்குப் போடுகிறது. இரண்டையும் பெருக்கினால் திரையில் வரும் எண். இரண்டிலும் பிழை உண்டு, பெருக்கும்போது அதுவும் சேர்ந்தே பெருகும். ஃப்ளோட் 2 லிட்டர் என்கிறது, சராசரி 50 என்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் 100 வரும். உண்மையில் இருப்பது 1.5 லிட்டர், பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு 85 வேகத்தில் போவதால் கிடைப்பது 40 என்றால், வண்டி 60-இல் நின்றுவிடும்.

இரண்டில் அதிகம் ஏமாற்றுவது ஃப்ளோட்தான். டேங்கைக் கழற்றிப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரியும். வளைந்த கம்பியின் நுனியில் விரல் அளவுக்கு ஒரு மிதவை. கம்பியின் அடியில், மின்தடைப் பட்டை பூசிய சிறு தகட்டின் மேல் ஒரு மெல்லிய உலோக விரல் உரசிக்கொண்டே நகரும். பெட்ரோல் இறங்க இறங்க மின்தடை மாறும், அந்த மாற்றத்தைத்தான் மீட்டர் லிட்டராக மொழிபெயர்க்கிறது. ஆனால் மோட்டார் சைக்கிள் டேங்க் பெட்டி மாதிரி இருப்பதில்லை. நடுவில் சேஸிஸ் போவதால் குதிரைச் சேணம்போல இரண்டு பக்கமும் தொங்கும். மேலே அகலம், கீழே ஒடுக்கம். மேல்தளத்தைத் தொட்டு நிற்கும் ஃப்ளோட் முதல் ஒன்றிரண்டு லிட்டருக்கு அசையவே அசையாது, மீட்டரில் பெட்ரோல் அளவைக் காட்டும் கட்டங்களில் முதலாவது நெடுநேரம் அணையாமல் இருப்பது அதனால்தான். அடிப்பகுதியில் நிலைமை தலைகீழ்: கொஞ்சம் பெட்ரோல் குறைந்தாலும் மட்டம் சட்டென்று இறங்கும். சில வண்டிகளில் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எண் மறைந்து வெறும் கோடுகள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். கணிக்க முடியவில்லை என்பதை அந்த மீட்டர் ஒப்புக்கொள்கிறது. நேர்மையான வடிவமைப்பு என்றே அதைச் சொல்வோம்.

சைடு ஸ்டாண்டில் இடப்புறம் சாய்ந்து நிற்கும்போது சாவியைத் திருப்பினால் ஃப்ளோட் தப்பாகத்தான் சொல்லும். வண்டியை நிமிர்த்தி, ஐந்தாறு விநாடி பொறுத்து, பிறகு சாவியைப் போடுங்கள். சாவி ஆனில் இருக்கும்போதே சுமார் 1 லிட்டர் போட்டால், பல வண்டிகள் அதை உடனே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஓட்டத்தில் பெட்ரோல் அலம்புவதைப் பார்த்துக் கட்டங்கள் ஆடக் கூடாது என்பதற்காக மீட்டர் வேண்டுமென்றே நிதானமாக மாறும்படி வைத்திருக்கிறார்கள். சாவியை அணைத்துப் பெட்ரோல் போட்டுவிட்டுத் திரும்பப் போட்டால் புதிய மட்டத்தைப் படித்துக்கொள்ளும். கட்டம் ஒரே இடத்தில் பல நாள் நின்று, திடீரென இரண்டு மூன்று குறைந்தால் உரசும் பட்டை தேய்ந்திருக்கிறது, அல்லது கம்பி சிக்கிக்கொள்கிறது என்று பொருள். ஃப்ளோட்டை வெளியே எடுத்து, மல்டிமீட்டரை மின்தடை அளக்கும் ஓம்ஸில் வைத்து, கையால் கீழிருந்து மேலே மெதுவாகத் தூக்க வேண்டும். எண் துண்டுபடாமல் சீராக மாற வேண்டும். நடுவில் தாவினாலோ காணாமல் போனாலோ அந்த யூனிட்டை மாற்றுவதுதான் வழி.

சராசரிக் கணக்குக்கு மலைப்பாதையைவிட நல்ல உதாரணம் இல்லை. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல், இரண்டாம் கியரில் ஏறும்போது மைலேஜ் விழுவதால், 5 கிலோமீட்டர் ஏறுவதற்குள் திரையில் 15, 20 குறைந்துவிடும். டேங்குக்குள் பெட்ரோல் பின்பக்கம் சரிவதால் ஃப்ளோட்டும் குழம்பும். இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டுக் கியரில் உருண்டால் இன்ஜெக்டர் பெட்ரோல் விடுவதையே நிறுத்திவிடும். செலவில்லாமல் தூரம் ஓடுவதால் சராசரி ஏறி, திரையில் எண் கூடிக்கொண்டே போகும். அடிவாரத்தில் அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து நெடுஞ்சாலையில் வேகமெடுப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். மலை ஏறும் முன்பே டேங்கை நிரப்புங்கள், இறங்கியதும் முதல் 20 கிலோமீட்டருக்குத் திரையைப் பொருட்படுத்தாதீர்கள். சராசரியை எத்தனை கிலோமீட்டருக்கு எடுக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். சில மாடல்களில் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் பழைய சராசரி அழிந்து புதிதாகத் தொடங்கும்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு "மீட்டர் குறைத்துக் காட்டுகிறது" என்று பலர் சொல்கிறார்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதே தூரம் போக இன்ஜெக்டர் கூடுதலாகத் தெளித்தாக வேண்டும், சராசரியும் இறங்கும். அது மீட்டரின் பிழை இல்லை. செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை மாற்றியவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: கியர்பாக்ஸிலிருந்து வேகத்தை எடுக்கும் வண்டியில் 14 பல்லுக்குப் பதில் 15 பல் போட்டால் தூரக் கணக்கே மாறிவிடும்.

சொந்த வண்டியை அளந்து வைத்துக்கொள்வது ஒரு மாத வேலைதான். ஒரே பங்கில், சமதளத்தில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி (அது இல்லாத வண்டியை ஒருவர் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளலாம்), நாசில் முதல் முறை தானாக நின்றதும் நிறுத்தச் சொல்லுங்கள். வாய்வரை நிரப்ப வேண்டாம். வெயிலில் பெட்ரோல் விரிய இடம் வேண்டும், ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோலே போய்விடும். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, அதே மாதிரி மறுபடி நிரப்புங்கள். 214 கிலோமீட்டருக்கு 4.6 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 46.5. மீட்டர் 51 என்று காட்டியிருந்தால், அது சொல்லும் தூரத்தில் எப்போதும் பத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

விளக்கு எரியும்போது மிச்சம் எவ்வளவு என்பதையும் வண்டியை நிற்க விடாமலே கண்டுபிடிக்கலாம். விளக்கு நிலையாக எரிந்ததும் நேராகப் பங்குக்குப் போய் முதல் நிறுத்தம் வரை நிரப்புங்கள். 10 லிட்டர் டேங்கில் 8.1 பிடித்தால் மிச்சம் 1.9 என்று தோன்றும். முதல் நிறுத்தத்தில் டேங்க் முழுதாக நிரம்பியிருக்காது, அடியில் பம்ப் உறிஞ்ச முடியாத கொஞ்சமும் கிடக்கும். ஆகவே அரை லிட்டரைக் கழித்து 1.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை பார்த்து, மிகக் குறைந்ததை எழுதி வைத்துக்கொண்டால் அதுதான் உங்கள் ரிசர்வ்.

கார்புரேட்டர் வண்டிகளில் ரிசர்வ் என்பது கையால் திருப்புகிற ஒரு பொருளாக இருந்தது. டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக்குக்குள் உயரத்தில் வேறுபட்ட இரண்டு குழாய்கள் இருக்கும். நெட்டைக் குழாயின் வாய்க்குக் கீழே பெட்ரோல் போனதும் வண்டி திக்கித் திணறும், திருப்பினால் குட்டைக் குழாய் திறக்கும். 2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்6 என்ற புகை மாசு விதி வந்ததோடு ஏறக்குறைய எல்லா வண்டிகளும் இன்ஜெக்ஷனுக்கு மாறின, காக் போய்விட்டது. இப்போது பெட்ரோல் தீரும்வரை ஓட்டினால் செலவும் வேறு மாதிரி. டேங்குக்குள் இருக்கும் மின்சார பம்பைக் குளிர வைப்பது பெட்ரோல்தான். வறண்டு ஓடினால் சூடேறி ஆயுள் குறையும், அடியில் தங்கிய துருவும் மழைநீரும் வடிகட்டிக்குப் போகும். பம்பை மாற்றச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தின் வடிகால் துளையை மழைக்கு முன் சுத்தம் செய்தால் தண்ணீர் இறங்குவது குறையும். தப்பித் தவறி நின்றுவிட்டால் குறைந்தது 1 லிட்டர் போட்டு, சாவியை ஆன் செய்து பம்பின் ரீங்காரம் அடங்கும்வரை பொறுத்து ஆஃப் செய்யுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்த பிறகே ஸ்டார்ட்டரை அழுத்துங்கள், அதுவும் ஒரு தடவைக்கு 5 விநாடிக்கு மேல் வேண்டாம்.

தயாரிப்பாளர்களிடம் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். விளக்கு எரியும்போது டேங்கில் எத்தனை லிட்டர் இருக்கும், சராசரியை எத்தனை கிலோமீட்டருக்குக் கணக்கிடுகிறீர்கள், திரையில் 0 வந்த பிறகு பம்ப் எடுக்கக்கூடிய பெட்ரோல் எவ்வளவு என்ற மூன்று எண்களையும், வாங்குபவருக்குக் கொடுக்கும் கையேட்டில் தமிழிலும் அச்சிடுங்கள். புதிய வண்டிகளைப் பற்றி எழுதும்போது தங்கள் நாளிதழும் மைலேஜோடு நிறுத்தாமல் இந்த மூன்றையும் கேட்டு வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன மெக்கானிக்குகள் சிலர்,
நாமக்கல்.