மேளம் வாங்குவதானால் மேளம் செய்பவரிடமே வாங்குங்கள்: ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
தும்கா மாவட்டம், ஜார்க்கண்ட்.

பெறுநர்:
மாவட்டத் துணை ஆணையர் அவர்கள்,
தும்கா.

பொருள்: சந்தால் பழங்குடிக் கிராமங்களுக்கு வழங்கப்படும் மேளங்களை உள்ளூர்க் கைவினைஞர்களிடம் வாங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவன் நான். இந்தி நகல் இணைத்திருக்கிறேன். ஆனாலும் மனதில் இருப்பதைச் சொல்லத் தமிழ்தான் கைகொடுக்கிறது. எங்கள் ஊர் மாஞ்ஜியும் (ஊர்த் தலைவர்) மேளக்காரர்களும் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். அவர்களுடைய கையெழுத்தும் கைநாட்டும் இந்தி நகலில் உள்ளன.

போன வருடம் ஒரு திட்டத்தில் எங்கள் ஊருக்கு நான்கு மேளங்கள் வந்தன. நகரத்துக் கடையில் வாங்கிய மர டோலக்குகள். நட்டை முடுக்கிச் சுருதி ஏற்றுவது, முகத்தில் பிளாஸ்டிக். கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவை சந்தால்கள் வாசிக்கும் தும்டாக்கும் இல்லை, தமாக்கும் இல்லை. இப்போது மாஞ்ஜி வீட்டுத் திண்ணையில் கோழி அடைகிற கூடைக்குப் பக்கத்தில் கிடக்கின்றன.

தும்டாக்கின் கூடு சுட்ட மண். இடது முகம் அகலம், வலது முகம் குறுகல்; இரு பக்கமும் தோல் போர்த்தி வாரால் இழுத்துக் கட்டியிருக்கும். கழுத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வாசிப்பார்கள். தமாக் பெரிய இரும்புச் சட்டி போல இருக்கும். தோல் மூடிய வாயைக் குச்சிகளால் அடிப்பது. மண் பேசுவதும் இரும்பு அதிர்வதும் சேர்ந்தால்தான் ஆட்டத்துக்குக் கால் எழும். பாஹா என்ற பூத் திருவிழாவுக்கு ஓர் அடி, சொஹ்ராய் என்ற அறுவடை, மாட்டுத் திருவிழாவுக்கு ஓர் அடி, கல்யாணத்து டோங் ஆட்டத்துக்கு வேறு அடி. தூரத்தில் கேட்டே இன்ன ஊரில் இன்ன விசேஷம் என்று கிழவிகள் சொல்லிவிடுவார்கள்.

இந்தப் பகுதியில் சொஹ்ராய் ஜனவரியில் வரும், நம்மூர் மாட்டுப் பொங்கலை ஒட்டி. அன்று விடியுமுன் ஒரு பெரியவர் வைக்கோலைக் கொளுத்தி, தும்டாக்கை நெருப்புக்கு நேரே திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். பனியில் தொய்ந்த தோல் இறுகுகிறதா என்று விரலால் தட்டிப் பார்ப்பார். போதாதென்றால் மறுபடியும் நெருப்பு. பிளாஸ்டிக் முகத்தை அப்படிக் காட்டினால் என்ன ஆகும்? சிறுவர்கள் ஒன்றைக் காட்டியே பார்த்துவிட்டார்கள். சரி, அதை விடுங்கள்.

ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக 1855-ல் சந்தால்கள் நடத்திய ஹூல் எழுச்சியை அடக்க வந்த ஜார்விஸ் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, தங்கள் மேளம் ஒலிக்கும்வரை சந்தால்கள் சுடப்பட்டாலும் இடம்விட்டு நகரவில்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2003-ல் சந்தாலி மொழி அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றது. மேளம் இன்னும் கொள்முதல் பட்டியலில்கூடத் தன் பெயரில் இல்லை. ‘தாள வாத்தியம்’ என்றுதான் எழுதுகிறார்கள். எங்கள் சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே, கொள்முதல் ஆணையில் ‘சுட்ட மண் கூடுள்ள தும்டாக்’, ‘இரும்புத் தமாக்’ என்று பெயர் சொல்லியே எழுத உத்தரவிட வேண்டுகிறோம். மண் கூடு உடையும் என்பார்கள். உடையத்தான் செய்யும்; அதைச் செய்து தரும் குயவர் வாரச் சந்தைக்கு வருகிறார். அவரிடமும், தமாக்குக்கு இரும்பு அடிக்கும் கொல்லரிடமும், தோல் கட்டுபவரிடமும் நேரடியாக வாங்க வழி செய்யுங்கள். இவர்களிடம் பதிவு எண்ணும் டெண்டர் பணமும் கேட்டால் மறுபடி நகரத்துக் கடைக்காரர்தான் வருவார். அப்புறம், தோல் மாற்ற ஊருக்கு வருடம் ஒரு சிறு தொகை வேண்டும். புது மேளத்தைவிட அதுதான் எங்களுக்கு அவசரம். ஊரிலிருக்கும் ஐந்து தும்டாக்குகளில் மூன்றுக்குத் தோல் கிழிந்துவிட்டது.

வரும் சொஹ்ராய்க்கு முன் ஏதாவது செய்ய முடிந்தால் நல்லது. தாங்களோ தங்கள் அலுவலரோ ஒரு மாலை ஊருக்கு வந்தால், அந்த டோலக்கையும் தும்டாக்கையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர் மக்கள் சார்பாக,
ஓய்வுபெற்ற ஆசிரியர்.